மேனகாவின் கையெழுத்து கேட்டவர்

இந்தப் புதிரில் ராஜகுமாரி கிடையாது. அவளுக்காக மல்லுக்கட்டும் மூன்று மாப்பிள்ளைகளும் கிடையாது. ஒரு அப்பா, ஒரு மகள், நடுவில் ஒரு அரசு அலுவலகம். அலுவலகம் என்றதும் கொட்டாவி விடாதீர்கள். கடைசியில் பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.

அப்பாவின் பெயர் சென்னியப்பன். பவானிப் பக்கத்துக்காரர், லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகள் மேனகா. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்ற நாளும் குறித்துவிட்டார். அவள் மாட்டேன் என்றாள். "அப்படின்னா இந்த ஊட்டுப் படி ஏறாதே!" என்று கத்திவிட்டார். கத்தியவருக்கு மறுநாளே கோபம் போய்விட்டது. கேட்டவளுக்குப் போகவில்லை. ஒரு பையோடு கிளம்பியவள் போன் எண்ணையும் மாற்றிவிட்டாள்.

அதன்பின் அந்த வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். சென்னியப்பன் அதைப் பார்ப்பதில்லை, ஆனால் அணைக்கவும் மாட்டார். அணைத்துவிட்டால் அந்த அமைதியில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பொங்கலுக்குக்கூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பணிபுரியும் பெண்களுக்கான அரசு விடுதி ஒன்றில் மேனகா தங்கியிருப்பதாக உறவுக்காரர் ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் அரசாங்கம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சென்னியப்பன் கேள்விப்பட்டிருந்தார். அன்றே வெள்ளைத்தாளில் எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த விடுதிகளை நடத்தும் துறையின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அதில் இருந்தது ஒரே கேள்வி: ‘என் மகள் ஏன் என்னோடு பேசுவதில்லை?’

பாவம், அந்தச் சட்டம் அதற்கானது அல்ல. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைக் கேட்கலாம். ஒரு பெண்ணின் மனதில் இருப்பதைக் கேட்க முடியாது. பதில் அளிக்க இயலாது என்று கடிதம் வந்தது. அதற்கே அவருக்குச் சந்தோஷம். அவர் பெயருக்குத் தபால் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம் கடிதத்தைக் காட்டினார்.

"ஏன்னு கேட்டா அவிங்க என்னங்க பண்ணுவாங்க? இன்ன நகல் வேணும்னு கேளுங்க. காரணம் எழுத வேண்டாம். எதுக்குன்னு அவிங்க கேக்கவும் கூடாது" என்றார் அவர்.

விடுதியில் தங்குகிறவர்கள் மாலையில் திரும்பியதும் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் மேனகா கையெழுத்திட்ட போன மாதத்துப் பக்கங்களின் நகலைக் கேட்டு மறுபடி மனுப் போட்டார் சென்னியப்பன்.

மனு, தலைமை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் ஹேமலதாவின் மேசைக்கு வந்தது. ஒருவரைப் பற்றிய தகவலை இன்னொருவர் கேட்டால், தகவலுக்கு உரியவருக்கு ஆட்சேபணை உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மேனகாவுக்குக் கடிதம் போனது. அவள் ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: ‘நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பது என் அப்பாவுக்குத் தெரியக் கூடாது.’

"தனிப்பட்ட தகவல், தர முடியாதுன்னு எழுதி முடிச்சிருங்க மேடம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் கண்காணிப்பாளர் தணிகாசலம்.

உதவியாளர் ஜெயசீலனுக்கு மனசு கேட்கவில்லை. "பெத்தவருங்க மேடம். தனியாக் கிடந்து தவிக்கிறாரு. ஊரைச் சொல்லிருவோம். போய்ப் பார்த்தா எல்லாம் சரியாயிரும்."

ஹேமலதா சொன்னார்: "நகலைக் கொடுக்கலாம். ஊர், விடுதி பேரு, மத்த பொண்ணுங்க பேரு எல்லாத்தையும் மறைச்சிட்டு, அந்தப் பொண்ணு கையெழுத்தை மட்டும் விட்டுருவோம்."

இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். ஊர் தெரிந்தால் பெரியவர் கண்ணீரோடு போவாரா, கம்போடு போவாரா என்பது அந்த மூவரில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் யார் சொன்னது சரி?

ஹேமலதா சொன்னதுதான் சரி. மேனகா மறைக்கச் சொன்னது ஊரைத்தான், தான் உயிரோடு இருப்பதை அல்ல. தணிகாசலம் அவள் கேட்காததையும் சேர்த்து மறைக்கப் பார்த்தார். ஜெயசீலன் இரக்கப்பட்டது உண்மைதான், ஆனால் அடுத்தவள் பாதுகாப்பை எடுத்துக் கொடுத்து இரக்கப்பட்டார். நகல் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதத்துப் பக்கங்களுக்கும் சென்னியப்பன் மனுப் போட, மேனகாவிடம் மறுபடி கேட்டார்கள். அதே வரியை எழுதி, அதன் கீழே ‘அப்பா சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?’ என்று அவள் கேட்டிருந்தாள். இதற்கு எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. மனுவில் இருந்த எண்ணுக்கு ஹேமலதாவே போன் போட்டு, "ஐயா, சர்க்கரை மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" என்றார். "யாருங்க கேக்கறது?" என்றார் சென்னியப்பன். ஹேமலதா அதே கேள்வியை மறுபடி கேட்டார். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது. பிறகு சென்னியப்பன் சொன்னார்: "போடறேன்னு சொல்லீருங்க அம்மிணி."