பிரான்ஸிலிருந்து வந்த காற்று

கல்யாண மேடை கட்டுவதில் கோதண்டம் கோஷ்டியை மிஞ்ச பாலாற்றுக்கு இந்தப் பக்கம் ஆள் கிடையாது. கோதண்டம், எத்திராஜ், முனிரத்தினம் என்று மூன்று பேர். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த நல்ல குணம் அதுதான். வேலைக்கு வைத்தவர்கள் பட்ட கஷ்டமும் அதனால்தான். ஒரு தடவை மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணோட சித்தப்பா வந்தா வாசல்லயே நிறுத்தி மரியாதை பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தாலி கட்டி, பந்தி முடிந்து, இலை எடுக்கிற வரைக்கும் சித்தப்பா வாசலில் மரியாதையாக நின்றார். ஆறு செம்பு பன்னீர் அவர் மேல் செலவானது.

ஆடி மாதம் கல்யாணம் இல்லை. மூவரும் சும்மா இருந்தபோதுதான் சென்னையிலிருந்து வாசவி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேடம் ஒரு கேலரி நடத்துகிறவர். அந்த வருஷம் நகரத்தில் நடந்த பெரிய கலைக் கண்காட்சியில் அவருக்கு ஒரு ஸ்டால். பிரான்ஸிலிருந்து மூன்று சிலைகளை வரவழைத்திருந்தார்.

"மூணு நாளும் ஒரு குறையும் இல்லாம முடிச்சுக் குடுங்க. வருஷம் பூரா என் கேலரி வேலை உங்களுக்குத்தான். ஆடி, மார்கழின்னு வீட்டுல உட்கார வேண்டாம்" என்றார் மேடம்.

 கோதண்டம் மகளைக் காலேஜில் சேர்த்த வருஷம் அது. ஒரு குறையும் இருக்கக் கூடாது, ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே ஸ்டாலைக் கட்டி முடித்தான்.

முதல் நாள் காலை, சிலைகளை அனுப்பிய பிரெஞ்சு அம்மாவை அழைத்துவர மேடம் விமான நிலையத்துக்குக் கிளம்பினார். கேலரியில் உதவிக்கு இருந்த பெண்ணுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் மூவரையும் நிறுத்தி மூன்று விஷயம் சொன்னார். "பெட்டியில இருக்கறது எதுவும் குறையக் கூடாது. யாரும் தொடக் கூடாது. எந்தச் சிலைக்கு எந்தப் பேரோ அந்த அட்டையைத்தான் வைக்கணும். நான் கார் ஓட்டிட்டிருப்பேன், போன் பண்ணாதீங்க."

மேடம் போனதும் எத்திராஜும் முனிரத்தினமும் போனை அணைத்து வைத்தார்கள். கோதண்டம் பேட்டரியையே கழற்றிவிட்டான்.

முதல் பெட்டியின் மேல் 'குளித்து எழுந்தவள்' என்று மேடம் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். திறந்தார்கள். மரச் சீவலுக்குள் வெண்கலத்தில் ஒரு பெண் நின்றாள்.

"அண்ணே, யாரும் தொடக் கூடாதுன்னாங்களே. எப்படி வெளிய எடுக்கறது?" என்றான் முனிரத்தினம்.

கோதண்டம் யோசித்தான். "மேடம் நம்மளைப் பேர் சொல்லித்தானே கூப்பிடறாங்க? அப்ப நாம யாரோ இல்ல. தூக்கு."

தூக்கிப் பீடத்தில் நிறுத்திய பிறகுதான் எத்திராஜ் பார்த்தான். "அண்ணே! தலையக் காணோம்!"

மூவரும் சீவலைக் கொட்டிச் சல்லடை போட்டார்கள். தலை இல்லை.  சிலைகளின் படம் போட்டு மேடம் கொடுத்திருந்த தாளைக் கோதண்டம் எடுத்துப் பார்த்தான். அதில் இருந்த போட்டோவிலும் அவளுக்குத் தலை இல்லை.

"போட்டோக்காரன் வெட்டியிருப்பான்" என்றான் எத்திராஜ். "நம்ம மண்டபத்துல எத்தனை மாமனுங்க தலை இல்லாம ஆல்பத்துல நிக்கறாங்க."

"அப்ப நிஜத் தலை?"

"சிலை செஞ்சவரு இந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் செஞ்சிருப்பாரு. இல்லாத தலைய அவரு எங்க போய்ப் பார்ப்பாரு, பாவம்?"

கோதண்டத்துக்கு உயிர் திரும்பி வந்தது. படத்திலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. ஒன்றும் குறையவில்லை.

இரண்டாவது பெட்டி, 'தூங்கும் பூனை'. அதைத் திறக்கும்போது மூவரும் சைகையிலேயே பேசிக்கொண்டார்கள். பீடத்தில் வைத்துவிட்டுக் கால் பெருவிரலால் நடந்து விலகினார்கள். பக்கத்து ஸ்டால்காரர் தும்மினார். முனிரத்தினம் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினான்.

மூன்றாவது பெட்டியில் 'காற்று' என்று எழுதியிருந்தது.

மூவரும் பெட்டியைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள்.

"காத்தைக்கூடவா அனுப்புவாங்க?" என்றான் முனிரத்தினம்.

"பிரான்ஸ்காரன் அனுப்புவான்டா. நம்ம ஊருல தண்ணியைப் பாட்டில்ல அடைச்சு விக்கல?"

"தாள்ல இதுக்கு மட்டும் போட்டோ இல்லியே அண்ணே."

"காத்தை எப்படிப் போட்டோ எடுப்பே, முண்டம்?" என்றான் எத்திராஜ்.

அதற்கு மேல் சந்தேகம் ஏது? ஆனால் திறந்தால் பறந்துவிடுமே. போதாததற்கு இது ஆடி மாதம். வெளியே காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. ரெண்டும் கலந்துவிட்டால் எது நம் ஊர்க் காற்று, எது பிரான்ஸ் காற்று என்று மேடத்துக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது? ஸ்டாலில் இருந்த மின்விசிறியை நிறுத்தினார்கள். பந்தல் போடுகிற தார்ப்பாயை விரித்துப் பெட்டியோடு தங்களையும் மூடிக்கொண்டார்கள். மூச்சு விட்டால்கூடக் கலந்துவிடும் என்று கோதண்டம் எச்சரித்ததால் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆணியைப் பிடுங்கினார்கள். முனிரத்தினம் ரெண்டு தடவை மயங்கி விழுந்து எழுந்தான்.

உள்ளே பார்த்ததும் கோதண்டத்துக்குக் கண் கலங்கியது. பறக்கவே இல்லை. பிளாஸ்டிக் தாளில் சின்னச் சின்னக் கொப்புளமாக, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை அடைத்து அனுப்பியிருந்தார்கள்.

"எவ்வளவு பொறுப்பு பாரு" என்றான்.

"எங்க வீட்டு டிவிக்கும் இப்படித்தான் சுத்தி வந்துச்சு அண்ணே" என்றான் முனிரத்தினம்.

"அது டிவியோட சும்மா வந்த காத்து. இது பேரு போட்டு வந்த காத்து."

தாளைப் பிரித்தபோது உள்ளே வளைந்து நெளிந்த ஒரு வெண்கலத் துண்டு இருந்தது. நல்ல கனம்.

"இது எதுக்கு?"

"காத்து தூக்கிட்டுப் போயிடாம இருக்க உள்ள பாரம் வெச்சிருக்கான். நாம பந்தக்கால்ல செங்கல் கட்டித் தொங்க விடறதில்ல?" என்றான் எத்திராஜ்.

பிளாஸ்டிக் தாளை நாலாக மடித்துப் பீடத்தில் வைத்து, 'காற்று' என்ற அட்டையைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பாரத்தை எறிந்துவிடவில்லை. எதுவும் குறையக் கூடாது அல்லவா? தரைவிரிப்பின் மூலை பறக்காமல் அதன் மேல் வைத்தார்கள். அதன் ஒரு வளைவு தோதாக இருந்ததால் சாப்பாட்டுத் தூக்கை அதில் மாட்டினார்கள்.

பதினோரு மணிக்குக் கூட்டம் வந்தது. தலை இல்லாதவளை ஜனங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பூனையைப் பார்க்க வந்தவர்களை முனிரத்தினம் செருப்பைக் கழற்றச் சொன்னான். கோதண்டம் காற்றை விட்டு நகரவே இல்லை. ஆனால் ஒருவர் வந்து கழிவறை எங்கே என்று கேட்டபோது திரும்பிக் கை காட்டினான். அந்த ஒரு நிமிஷத்தில் ஜிப்பா போட்ட பெரியவர் ஒருவர் பீடத்தருகே வந்து, ஒரு கொப்புளத்தை விரலால் அமுக்கினார். டப். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். இன்னொன்று. டப். கோதண்டம் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடிப்பதற்குள் பதினொன்று போய்விட்டது.

"ஐயா, என்ன காரியம் பண்ணீங்க!"

"மன்னிச்சிடுப்பா, கை நிக்கல."

கோதண்டம் வெற்று இடத்தில் கையை வீசி வீசிப் பிடித்தான். எத்திராஜ் தோள் துண்டால் காற்றை மூலைக்கு விரட்டினான். எல்லாம் அவர்களுக்கு எதிரே இருந்த ஸ்டாலுக்குள் போய்விட்டது. முனிரத்தினம் அங்கே போய், எங்கள் காற்று இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுப் பார்த்தான். அவர்கள் கவனிக்கவில்லையாம்.

இரண்டு மணிக்கு வாசவி மேடம் கிளேர் என்ற அந்தப் பிரெஞ்சு அம்மாவோடு வந்தார். பீடத்தைப் பார்த்தார். 

"கோதண்டம்! இதுக்குள்ள இருந்தது எங்கே?"

கோதண்டம் கைகட்டி நின்றான். மறைக்க அவனுக்குத் தெரியாது. "பதினொண்ணு போயிடுச்சு மேடம். மீதி அப்படியே இருக்கு. ராத்திரி பகல் பார்க்காம தேடிக் குடுத்துடுவேன்னு சொன்னா பொய்யாயிடும். காத்து பாருங்க."

மேடத்தின் கண் மூலைக்குப் போனது. அலறிக்கொண்டு ஓடி, சாப்பாட்டுத் தூக்கைக் கழற்றி வீசிவிட்டு, வெண்கலத்தைக் கட்டிக்கொண்டார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கொஞ்சம் புளிச்சோற்று வாசனை மட்டும் அடித்தது.

கிளேர் என்னவென்று கேட்க, மேடம் அடிக்க வருகிற குரலில் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். கிளேர் பீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"பொட்டலத்தையே இப்படிக் காவல் காத்தவங்க சிலையை விட்டுடவா போறாங்கன்னு சொல்றாங்க" என்றார் மேடம். அவருக்கும் கோபம் வடிந்திருந்தது. "போங்க. குறை ஒண்ணும் இல்ல. வேலை உங்களுக்குத்தான்."

எத்திராஜும் முனிரத்தினமும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோதண்டம் கும்பிடவில்லை.

"அது எப்படி மேடம்? பதினொண்ணு குறையுதே. குறையோட வேலைய வாங்கிட்டுப் போய் நான் என் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றான். பிறகு தயங்கித் தயங்கிக் கிளேரைப் பார்த்தான். "இந்தம்மா அந்த ஊர்லேர்ந்துதானே நேரா வராங்க? மூச்சு இன்னும் அந்த ஊரு மூச்சாத்தானே இருக்கும்? பெரிய மனசு பண்ணி இதுல ஒரு ஊது ஊதினாங்கன்னா..."

பூக்கட்டு கொண்டுவந்த பாலிதீன் பை ஒன்றை உதறி, ரெண்டு கையாலும் பணிவாக நீட்டினான். கிளேர் அதை நம் ஊர் வரவேற்பு முறை என்று நினைத்துக்கொண்டார். பயபக்தியோடு பையை வாங்கி, மூச்சை இழுத்து, வாயருகே கொண்டுபோனார்.

"அண்ணே, நிறுத்து!" என்று எத்திராஜ் கத்தினான். "ஏரோப்பிளேனை விட்டு இறங்கி ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. நடுவுல நம்ம ஊரு காத்தையும் இழுத்திருப்பாங்களே!"

 கிளேர் பையோடு அசையாமல் நின்றார். மூவரும் தலையோடு தலை சேர்த்து வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் கோதண்டம் முகம் தெளிந்து மேடத்திடம் வந்தான்.

"மேடம், முதல் ரெண்டு மூச்சை மட்டும் வெளிய விட்டுடச் சொல்லுங்க. அது மீனம்பாக்கத்துது. அடியில கிடக்கறதுதான் நமக்கு வேணும்."