அரசருக்குப் பிணை யார்?

பூவாற்றூரை ஆண்ட வீரகண்டருக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் கட்டிய மருத்துவச்சாலையில் இதுவரை ஒருவர்கூடச் செத்ததில்லை. சாகிற நிலையில் வந்தவரை வாயிலைத் தாண்ட விட்டால்தானே!

இந்த அருமையான ஏற்பாட்டைச் செய்தவர் அமைச்சர் திருமேனிநாதர். வைத்தியம் வேண்டுமென்றால் நோயாளிக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். பிணை நிற்பவர் நோயாளியைவிட அந்தஸ்தில் உயர்ந்தவராக இருக்க வேண்டும். வணிகருக்கு அதிகாரி நிற்பார். அதிகாரிக்கு அமைச்சர் நிற்பார். அமைச்சருக்கு அரசரே நிற்பார். பிணை இல்லாதவர்கள் வாயிலோரத்து வேப்பமரத்தடியில் உட்காரலாம். அவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்ற விசாரணை முடிந்ததும் கூப்பிடுவார்கள். நிழலுக்குக் கட்டணம் கிடையாது. அமைச்சருக்கு அவ்வளவு இளகிய மனசு.

அன்று காலை அந்த மரத்தடியில் கல்தச்சன் மொக்கையன் கிடந்தான். மதிலுக்கு ஏற்றிய கல் சரிந்து அவன் காலை நசுக்கியிருந்தது. அவன் மனைவி பேச்சாயி அரண்மனைக்கு ஓடிவந்து சாத்தப்பனைப் பிடித்துக்கொண்டாள். சாத்தப்பன் அரசவை விகடன். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை.

"ஐயா, காலு கறுத்துக்கிட்டே வருது. இன்னிக்கே பார்த்தா காப்பாத்திடலாம்னு வைத்தியப் பண்டிதரே எட்டிப் பார்த்துச் சொன்னாரு."

"சொல்லிவிட்டு?"

"உள்ளே போயிட்டாரு. பிணை நிக்க ஆள் இல்லையாம்."

சாத்தப்பன் நேராக அமைச்சரிடம் போனான். "நான் பிணை நிற்கிறேன்."

"கோமாளியின் வாக்கு செல்லாது" என்றார் திருமேனிநாதர். "வீணாக வாதாடாதே அப்பா. விதி யாருக்காகவும் வளையாது."

மதியம் அரசர் சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்து இலையில் அமைச்சர். பொரித்த கெண்டை மீன் என்றால் அரசருக்கு உயிர். பேசிக்கொண்டே தின்பது அவர் வழக்கம்.

சாத்தப்பன் வந்து நின்றான். "மன்னா, மருத்துவச்சாலை வாயிலில் ஒருவன் கிடக்கிறான்."

"வைத்தியம் செய்வார்கள், போ" என்றார் அரசர், வாய் நிறைய மீனோடு. "என் மருத்துவச்சாலையைப் பற்றி உனக்கென்ன தெரியும்? அங்கே இதுவரை ஒருவர்கூடச் சா..."

அத்தோடு நின்றுவிட்டது. முள் தொண்டையில் குத்தி நின்றது. மூச்சு வந்தது, பேச்சு வரவில்லை. கண்ணில் நீர் கொட்டியது.

பண்டிதர் அமுதலிங்கம் குறடோடு ஓடிவந்தார். சாத்தப்பன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றான்.

"பண்டிதரே, பிணை யார்?"

"அட பாவி! அரசருக்கா பிணை?" என்று கத்தினார் அமைச்சர்.

"விதி யாருக்காகவும் வளையாது என்று காலையில்தானே சொன்னீர்கள்?"

"சரி, நானே நிற்கிறேன். வழி விடு!"

"மெத்த மகிழ்ச்சி. பிணை நிற்பவர் உயர்ந்தவராக இருக்க வேண்டுமே? அரசரைவிட நான் உயர்ந்தவன் என்று எல்லோர் முன்பும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். உடனே குறடு உள்ளே போகட்டும்."

மீன் தின்னாமலே அமைச்சர் தொண்டையிலும் முள் சிக்கியது. அரசர் அவரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மன்னா, இந்த நாட்டில் யாருக்கும் பிணை கிடைக்கலாம். தங்களுக்கு மட்டும் கிடைக்கவே கிடைக்காது" என்று பெருமூச்சு விட்டான் சாத்தப்பன். "கவலை வேண்டாம். வேப்பமரத்தடியில் மொக்கையன் கொஞ்சம் நகர்ந்து இடம் தருவான். நல்ல மனுஷன்."

அரசர் இலையை ஓங்கி அடித்தார். குழம்பு அமைச்சரின் சால்வையில் தெறித்தது. ஒரு கையால் பண்டிதரை வா என்றார். இன்னொரு கையால் அமைச்சரைப் பொறு என்றார்.

"அதாவது, வைத்தியம் முதலில், விசாரணை பிறகு. நாட்டில் எல்லோருக்கும் அப்படியே. அதுதானே மன்னா, தங்கள் ஆணை?" என்று கேட்டான் சாத்தப்பன்.

அரசர் தலையை ஆட்டினார். கிரீடம் கழன்று விழுகிற அளவுக்கு ஆட்டினார்.

சாத்தப்பன் விலகினான். முள் வெளியே வந்தது. ஆணையை மீற யாருக்குத் துணிச்சல்? பண்டிதர் குறடைக்கூடக் கீழே வைக்காமல் வேப்பமரத்துக்கு ஓடினார். கட்டுப்போட்டு முடித்ததும், கால் விரல் அசைகிறது என்று பேச்சாயி சொல்லி அனுப்பினாள்.

அரசர் தண்ணீர் குடித்துவிட்டுக் கரகரத்தார். "சாத்தப்பா, என்னால் பேச முடிந்திருந்தால் உன் தலையை வாங்கியிருப்பேன்."

"அதனால்தான் மன்னா, முள்ளை எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொண்டேன்."

அரசர் குலுங்கிச் சிரித்தார். "பிழைத்துப் போ. என்ன பரிசு வேண்டும்?"

"இனிமேலும் நான் ஏதாவது உளறி, தங்களுக்குக் கோபம் வந்தால்? என் தலைக்கு ஒரு பிணை வேண்டும், மன்னா. அந்தஸ்தில் என்னைவிட உயர்ந்தவராக..." சாத்தப்பன் மெல்லத் திரும்பினான்.

சால்வையில் குழம்பைத் துடைத்துக்கொண்டிருந்த அமைச்சரின் கை நின்றது.

"பிணை நின்றுவிடும், திருமேனிநாதரே" என்றார் அரசர். "விதி யாருக்காகவும் வளையாது."

அன்றிலிருந்து சபையில் சாத்தப்பன் வாயைத் திறந்தாலே அமைச்சர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.