மண்ணாங்கட்டி பட்ட கொக்கு

அந்தக் காலத்தில், கொக்கும் கெண்டையும் காளையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பங்குனி மாதத்து இருபத்தேழாம் நாள், சூரியன் ஒரு பனை உயரம் ஏறிய வேளையில் இது நடந்தது. எந்தப் பனை என்று கேட்கத் தோன்றினால், அது சரியான கேள்விதான். இத்தனை கலகமும் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததே.

பெரிய கண்மாய் ஒன்று. அதன் வடக்கே வடகரை, தெற்கே தென்கரை என்று இரண்டு சிற்றூர்கள். இரண்டும் உழவர்களின் ஊர்கள். ஆடியில் தொடங்கி மாசி முடியும்வரை அவர்களுக்குச் சண்டையிட நேரம் கிடைத்ததில்லை. உழவு, நாற்று, களை, அறுப்பு, களம் என்று ஒரு வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்த வேலை வந்து நிற்கும். பங்குனியில் களத்தைப் பெருக்கி, வைக்கோலைப் படப்பாக அடுக்கிய பிறகுதான் கை ஓயும். அப்போது செய்வதற்கு இனிய காரியங்கள் எத்தனையோ உண்டு. அறுத்த வயலில் சடுகுடு ஆடலாம். பனங்காட்டில் நுங்கு வெட்டித் தின்னலாம். மாலையில் மணல்திட்டில் மல்லாந்து படுத்து, வராத மழையைப் பற்றி வாதாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் முழங்காலளவு வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிக்கலாம்.

ஆனால் அவர்கள் அவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. இரு கரையிலும் கம்பு ஊன்றி உட்கார்ந்து, எதிர்க்கரையார் முந்தி இறங்கிவிடாமல் காவல் காத்தார்கள். பெயர் ஓய்வு, செய்தது காவல். அறுவடைக் காலத்தில்கூட அவர்கள் அவ்வளவு களைத்ததில்லை.

காரணம் பனைதான். சூரியன் ஒரு பனை உயரம் ஏறியதும் இரண்டு ஊரும் ஒன்றாக இறங்குவது என்று முன்னோர் பேசி வைத்திருந்தார்கள். பேசியவர்கள் பனையை அளந்து பார்க்கவில்லை. வடகரையின் கீழ்க்கோடியில் நின்ற பனை குட்டை. தென்கரையின் பனை நெட்டை. ஆகவே வடகரையார் இறங்கி நல்ல விரால்களை எல்லாம் பிடித்து முடித்த பிறகே தென்கரையாருக்கு நேரம் வந்தது. அவர்கள் கேட்டால், "பனை உயரம் என்றுதானே பேச்சு? உங்கள் பனையை யார் அவ்வளவு வளரச் சொன்னது?" என்றார்கள் இவர்கள். ஓர் ஊரார் குரல் கொடுத்து மற்ற ஊரார் இறங்குவதோ, இரு தரப்புக்கும் மானக்கேடு.

வடகரையில் சேவுகன் என்று ஓர் உழவன் இருந்தான். முப்பது வயது, உழைப்பில் குறை சொல்ல முடியாது, பொறுமையில் சொல்லலாம். அவனுடைய அக்காள் நாச்சாளைத் தென்கரை வீரணனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முந்திய பங்குனியில், "நீ முந்தி இறங்கினாய்" என்று வீரணனும், "உன் பனையிடம் போய்க் கேள்" என்று சேவுகனும் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டார்கள். சேவுகனின் ஊத்தா வீரணனின் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. ஊத்தா என்பது மூங்கில் சிம்புகளால் முடைந்த, மேலும் கீழும் வாய் திறந்த கூடை. மீன் அசையும் இடத்தில் சட்டென்று கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டு மீனை எடுப்பார்கள். அதை முறிப்பது உழவனின் கலப்பையை முறிப்பதற்குச் சமம். அன்று போன நாச்சாள் ஒரு வருஷமாகப் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மீன்பிடி முடிந்த அன்று அவள் வந்து மாங்காய் போட்டுக் குழம்பு வைக்கும் பெரிய சட்டி, சேவுகன் வீட்டுப் பரணில் கவிழ்ந்தபடியே கிடந்தது.

இந்தப் பங்குனியில், இருபதாம் நாள், கண்மாய்க் கரையின் நடுவில் அவள் தம்பியை மறித்து நின்றாள்.

"தம்பி, போன வருஷம் அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். நீயும் நொண்டிக்கொண்டு திரிந்தாயாம். உனக்கும் பச்சிலை அரைத்து அனுப்பினேன். இரண்டு பக்கமும் மருந்து அரைக்க எனக்குக் கை இல்லை."

"அக்கா, மச்சான்தான் முதலில்..."

"யார் முதலில் என்று நான் கேட்டேனா? இந்த வருஷமும் கம்பு தூக்கினீர்கள் என்றால் எனக்குப் பிறந்த வீடு இல்லை. உனக்கு அக்காளும் இல்லை. அந்தச் சட்டியை எடுத்துக் கோழிக்குத் தண்ணீர் வை."

சேவுகன் அன்று சோறு தின்னவில்லை. கண்மாய் ஓரமாக நடந்தபோது, தண்ணீரின் நடுவே பட்டுப்போன கருவேலமரத்தின் முண்டில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்தில் கொக்கு என்றால் எல்லாமே வெள்ளைதான். தலை முதல் வால்வரை சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கும். இந்தக் கொக்கும் அப்படியே.

"என்ன சேவுகா, இந்த வருஷம் எத்தனை பேர் மண்டை?" என்றது கொக்கு.

"கேலி வேண்டாம். நீ அங்கே உட்கார்ந்திருப்பது இரண்டு கரைக்கும் தெரிகிறதல்லவா?"

"தெரியாமல் என்ன? நான் பறக்கும்போது மட்டும்தான் இரண்டு ஊராரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் ஒருவரை ஒருவர் முறைப்பதே வேலை."

சேவுகன் நின்றான். "அப்படியானால் பனையை விட்டுவிடுகிறோம். நீ பறந்தால் இறங்குவது என்று வைத்துக்கொள்ளலாமா?"

கொக்கு கழுத்தைச் சாய்த்து யோசித்தது. "எனக்கு என்ன கூலி?"

"உள்ளங்கை நீளத்துக்குக் குறைந்த மீனெல்லாம் உனக்கு."

"யாருடைய உள்ளங்கை? இதுவும் உங்கள் பனைக் கணக்காகிவிடக் கூடாது."

"என் அக்காள் நாச்சாளின் உள்ளங்கை. ஊரிலேயே பெரியது. அடி வாங்கியவனுக்குத் தெரியும்."

கொக்குக்குச் சிரிப்பு வந்தது, ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை சொன்னது. "இரண்டு கரையாரும் ஊத்தாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். ஊத்தாவுக்கு அடியில் கம்பு ஒளித்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். எல்லாரும் தூக்கிய பிறகே நான் பறப்பேன். அதுவரை அசையமாட்டேன். நீங்களும் அசையக் கூடாது."

பறவைக்கு ஊர் இல்லை; ஆகவே இரு தரப்பும் சம்மதித்தன. குட்டைப் பனையும் நெட்டைப் பனையும் பதவி இழந்தன.

இருபத்தேழாம் நாள் விடிந்தது. இரண்டு ஊரும் கரைக்கு வந்துவிட்டன. தண்ணீர் வற்றிச் சுருங்கி, கரைக்குக் கரை ஆள் முகம் தெரிந்தது. சேற்று வாசனை மூக்கில் ஏறியது. நடுவில் விரால் ஒன்று துள்ளி விழுந்தபோது, இருநூறு பேர் ஒரே மூச்சை இழுத்தார்கள். கொக்கு முண்டின்மேல் சிலைபோல் இருந்தது. நாச்சாள் கரையின் நடுவில், எந்த ஊர்ப் பக்கமும் சேராமல் நின்றாள்.

வடகரையார் ஊத்தாவைத் தூக்கினார்கள். தென்கரையாரும் தூக்கினார்கள், ஒருவனைத் தவிர. வீரணனின் ஊத்தாவில் அடிக்கட்டு அவிழ்ந்துவிட்டது. அவன் குனிந்து, பனைநாரைப் பல்லால் இழுத்து இழுத்துக் கட்டினான். நார் காய்ந்திருந்தது, கட்டக் கட்ட அறுந்தது.

"மச்சான், அது ஊத்தாவா, சிக்கெடுக்கிற தலையா?" என்று சேவுகன் கத்தினான்.

"உன்னுடையதாக இருந்தால் காலால் முறித்திருப்பேன். இது என்னுடையது மாப்பிள்ளை, மெதுவாகத்தான் கட்டுவேன்!" என்று பதில் வந்தது.

சிரிப்பு எழுந்தது. சேவுகனின் முகம் சிவந்தது. விரால் இன்னொரு முறை துள்ளியது. இந்த இடத்தில்தான் அந்தத் தவறு நேர்ந்தது. அதைச் செய்ய ஓர் உழவனால்தான் முடியும். தை மாதம் முழுவதும், கதிர் முற்றிய வயலில், பறவை உட்காரும்போதெல்லாம் மண்ணாங்கட்டியை எறிந்து விரட்டிய கை அது. காலையிலிருந்து இரவுவரை எறிந்து, தூக்கத்திலும் எறிந்து பழகிய கை. கண் கொக்கைப் பார்த்தது. மனம் 'பறந்து தொலையேன்' என்றது. கை குனிந்து, காலடியிலிருந்த ஈர வண்டலை அள்ளி வீசிவிட்டது.

கட்டி குறி தவறவில்லை. கொக்கின் தலையில் பட்டு உடைந்து, கழுத்திலும் முதுகிலும் மூடிய சிறகுகளின் மேலும் வழிந்தது. வெள்ளைக் கொக்கு இருந்த இடத்தில் சேற்று உருண்டை ஒன்று இருந்தது.

தென்கரையில் ஊத்தாக்கள் இறங்கின; புதரிலிருந்து கம்புகள் ஏறின. வடகரையிலும் அப்படியே. நாச்சாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஊரைப் பார்க்காமல் திரும்பி நின்றாள். கொக்கு மட்டும் அப்போது பறந்திருந்தால், வடகரை இறங்கியிருக்கும், தென்கரை அடித்திருக்கும்.

கொக்கு பறக்கவில்லை. அசையக்கூட இல்லை.

"சேவுகா," என்றது. சத்தம் போடவில்லை, ஆயினும் இரு கரைக்கும் கேட்டது.

"கை... கை தானாக எறிந்துவிட்டது."

"கை தானாக எறிந்தது. அந்தக் கைக்கு மேலே இருக்கிற தலை யாருடையது?"

சேவுகன் சேறு ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"அசையமாட்டேன் என்று சொன்னது வெள்ளைக் கொக்கு. சேறு பட்ட கொக்குக்கும் அந்தச் சொல்தான்," என்றது அது. "ஆனால் என் கண் முழுக்க மண். யார் ஊத்தா தூக்கினார்கள், யார் கம்பு தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: வடகரை தயாரா என்று தென்கரை சொல்லட்டும், தென்கரை தயாரா என்று வடகரை சொல்லட்டும். அவரவர் ஊருக்கு அவரவர் சொல்லும் சாட்சி எனக்கு வேண்டாம். அதை நீங்கள் பனையிடம் நிறையச் சொல்லியாயிற்று."

எதிர்க்கரை தயார் என்று பொய் சொன்னால் இப்போதே இறங்கிவிடலாம். அப்படிச் சொல்லச் சொல்லி, பக்கத்திலிருந்தவன் சேவுகனை விலாவில் இடிக்கவும் செய்தான்.

சேவுகன் அக்காளின் முதுகைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "தென்கரை இன்னும் தயாராகவில்லை," என்று கத்தினான். "என் மச்சானின் ஊத்தா அவிழ்ந்து கிடக்கிறது. பொறுத்துக்கொள்."

சொன்னதோடு நிற்கவில்லை. தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துண்டை அவிழ்த்துக்கொண்டு கரையைச் சுற்றி ஓடினான். நாச்சாளைக் கடந்து, கம்புகளுக்கு நடுவே புகுந்து, வீரணனின் முன்னால் உட்கார்ந்து, துண்டின் ஓரத்தைக் கிழித்து ஊத்தாவின் அடியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினான்.

வீரணன் குனிந்து பார்த்தான். "இறுக்கிக் கட்டு மாப்பிள்ளை. வாசலுக்குத் தோரணமா கட்டுகிறாய்?"

"காலை நகர்த்துங்கள் மச்சான். போன வருஷம் அந்தக் கால்தான் வினை செய்தது."

வீரணன் சிரித்துவிட்டான். தன் பக்கத்தில் சாத்தியிருந்த கம்பை எடுத்துப் பின்னால் வீசினான். அதைப் பார்த்து வடகரையிலும் கம்புகள் விழுந்தன, ஊத்தாக்கள் ஏறின. வீரணன் கைகளை வாயருகே குவித்து, "வடகரை தயார்!" என்றான். தென்கரையில் நின்றபடியே சேவுகன், "தென்கரை தயார்!" என்றான்.

அப்போது கொக்கு சிறகை விரித்தது.

வெயிலில் காய்ந்த சேறு அதன் முதுகோடும் கழுத்தோடும் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் சிறகுகள் மூடியிருந்தபோது கட்டி விழுந்ததால், உள்ளே மடிந்திருந்த இறகு ஒன்றில்கூட மண் படவில்லை. பழுப்பு முண்டின்மேல் பழுப்பாக இருந்த ஒன்று, கண்ணைச் சிமிட்டுவதற்குள் பளீரென்று வெள்ளையாக வெடித்து எழுந்தது. வானத்தில் வேறு கொக்குகள் எத்தனையோ பறந்தன. எதையும் எவரும் இதுவென்று ஏமாற முடியாது. இருநூறு பேரும் ஒரே கூச்சலோடு தண்ணீரில் விழுந்தார்கள்.

யார் முந்தி இறங்கினார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. வடகரைக்காரன் ஒருவன் தென்கரையிலிருந்து இறங்கியிருந்தான். கெண்டை கணுக்காலில் மோதியது. கெளுத்தியிடம் குத்து வாங்கியவர்கள் ஒற்றைக்காலில் ஆடினார்கள். சேவுகன் கவிழ்த்த ஊத்தாவுக்குள் வீரணன் கையை விட்டு விரால் எடுத்தான். வீரணன் கவிழ்த்ததில் சேவுகன் எடுத்தான். சேறு பூசாத முகம் ஒன்றும் இல்லை. கரையில் நின்ற நாச்சாள் முக்காட்டை இறக்கிவிட்டு, "ஏ தம்பி, இடப்பக்கம்! உன் இடப்பக்கம்! கண் எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியதும் சேவுகன் ஒரு கூடைச் சிறுமீனோடு, கொக்கு திரும்பி வந்திருந்த முண்டருகே போனான். "உட்கார், கழுவிவிடுகிறேன்" என்றான்.

"தொடாதே," என்றது கொக்கு. "கண்ணை மட்டும் கழுவிக்கொண்டேன். இப்படிச் சேறாக உட்கார்ந்த பிறகு மீன்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தாமாகவே காலடிக்கு வருகின்றன. நீ கெடுக்க நினைத்தாய், எனக்குப் பிழைப்புக் கொடுத்துவிட்டாய். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாதே. எறிகிற கையை நம்பி நான் உட்காரமாட்டேன். மீதித் துண்டு இருக்கிறதல்லவா? ஊருக்கு ஒருவராக நின்று அதைப் பறக்கவிடுங்கள்."

மண்ணாங்கட்டி விழுந்த அந்த நாளிலிருந்துதான், குருட்டுக்கொக்கு உட்கார்ந்தால் சேற்று நிறமும் பறந்தால் வெள்ளை நிறமுமாக இருக்கிறது. கண்ணில் மண்ணோடு அசையாமல் இருந்ததால்தான் அதற்கு அந்தப் பெயர். அறுவடை முடிந்து கண்மாய் வற்றியதும் உழவர்கள் ஊர் ஊராகக் கூடி நின்று, வெள்ளைத் துண்டு வீசிய பிறகே ஊத்தாவோடு இறங்குவதும் அதனால்தான்.

இனி, கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். சேவுகன், எறிந்த குற்றத்துக்காக, அன்று பிடித்த பதினொரு விராலையும் உச்சிவேளைக்குள் தென்கரையில் வைத்தான். வீரணன், முறித்த ஊத்தாவுக்கு ஈடாக, ஆடி பிறப்பதற்கு முன் தன் கையால் புதிதொன்று முடைந்து கொடுத்தான். நாச்சாள் அன்று மாலையே அந்த விரால்களில் ஆறைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து, பரணிலிருந்த சட்டியை இறக்கிக் கழுவினாள். கொக்கின் கூலியோ, ஆண்டுதோறும் பங்குனியில், கரையேறுவதற்கு முன், தண்ணீரிலேயே கொடுக்கப்படுகிறது: உள்ளங்கையில் அடங்கும் மீனை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.