புகைத்தீவில் ஒரு பந்தி

நெட்டூர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அதனாலேயே அவர்களிடம் எதையும் சொல்ல மற்ற ஊர்க்காரர்களுக்குத் துணிவு வருவதில்லை.

அந்த ஊர்த் தணிகாசலத்துக்கு அன்று மாலை ஆறு மணிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை நேரத்துக்கு வராததால் ஏற்கெனவே நான்கு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இது ஐந்தாவது. பந்தல் போடுகிறவர்களின் காலில் இடறிக்கொண்டே இருந்த அவனை, எங்கேயாவது போய்விட்டு வா என்று வீட்டில் விரட்டினார்கள். அவன் எரிமலைத் தீவுகளைப் பார்க்கப் படகேறிவிட்டான். துணைக்கு நண்பன் கோதண்டமும், விருந்து முறைகளில் ஊருக்கே தீர்ப்புச் சொல்லும் வையாபுரி அண்ணனும் வந்தார்கள்.

படகோட்டி சவரிராயன் கண்டிப்பானவர். "அது பறவைங்க வீடு. விருந்துக்குப் போன மாதிரி மரியாதையா நடந்துக்கணும். மூணு மணிக்குப் படகுக்கு வந்துடணும்" என்றார்.

முதல் தீவில் மணலெல்லாம் கறுப்பு. அடிப்பிடித்துப் போயிற்று, இங்கே சாப்பாடு தேறாது என்று வையாபுரி இறங்கவே விடவில்லை. இரண்டாவது தீவின் உச்சியில் புகை வந்தது. அங்கே இப்போதுதான் உலை வைத்திருக்கிறார்கள் என்று மூவரும் திருப்தியோடு இறங்கினார்கள்.

கரையோரம் வெள்ளைக் கடற்பறவைகள் வரிசையாக அடைகாத்துக்கொண்டிருந்தன. பந்தி ஆரம்பித்துவிட்டது என்று பதறி, வரிசைக் கடைசியில் மூவரும் சம்மணமிட்டார்கள். நண்டுகள் இரு கொடுக்குகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் போயும் வந்தும் இருந்தன. கரண்டி இருக்கிறது, குழம்பைத்தான் காணோம் என்றான் கோதண்டம்.

மணி மூன்றாயிற்று. சவரிராயன் கரையிலிருந்து கத்தினார். தணிகாசலம் எழப்போனான். வையாபுரி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"பக்கத்துல உக்காந்தவங்க எழுந்திருக்காம நாம எழுந்தா அவங்களை அவமானப்படுத்தின மாதிரிடா."

"அவங்க இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கலையே அண்ணே."

"அப்போ எழுந்திருக்க நேரமாகும்."

இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கோதண்டம் பக்கத்துப் பறவையைப் பணிவாகக் கேட்டான். அது அவன் முழங்கையைக் கொத்தியது. பந்தியில் பேசியது தப்பு என்று வையாபுரி அவனையே கண்டித்தார்.

ஐந்தாவது சம்பந்தமும் கைநழுவுவதை நினைத்துத் தணிகாசலத்துக்கு வியர்த்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். ஒரு பறவை பறந்து வந்தால், உட்கார்ந்திருந்த பறவை எழுந்து அதற்கு இடம் விடுகிறது. ஆள் மாற்றினால் போதும்!

அவன் மெல்ல நகர்ந்து பக்கத்துப் பறவையை நெருங்கினான். அது அலறிப் பறந்தது. முட்டை நசுங்காமல், வேட்டியை விரித்து அதன்மேல் குந்தினான். பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்துவிட்டதால், முறைப்படி மற்ற இருவரும் எழுந்து, கடலில் கைகழுவிப் படகேறினார்கள். தணிகாசலத்தால் மட்டும் எழ முடியவில்லை. அவனை மாற்றிவிட யாரும் வரவில்லை. பறவை தலைக்குமேல் வட்டமிட்டுத் திட்டியது. நன்றி சொல்கிறதென்று நினைத்து, பரவாயில்லை என்றான்.

ஊர் திரும்பிய இருவரும் சொல்ல விஷயத்தைக் கேட்ட பெண் வீட்டார், தட்டும் பூவுமாக, வையாபுரியையும் கூட்டிக்கொண்டு அதே படகில் ஆறு மணிக்குத் தீவுக்கே வந்துவிட்டார்கள். தணிகாசலம் குந்தியபடியே கும்பிட்டான். பெண்ணின் அப்பா குனிந்து முட்டையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே குழந்தை இருக்குன்னு தரகர் சொல்லவே இல்லையே."

வையாபுரிதான் சமாளித்தார்.

"இன்னும் பொரிக்கலைங்களே."

பொரிக்காதவரை பாதகமில்லை என்று பெண்ணின் அப்பா தட்டை மாற்றிக்கொண்டார். கல்யாணத்தை மட்டும் குஞ்சு பொரித்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"மாப்பிள்ளை பிள்ளையையே விட்டுட்டுத் தாலி கட்டினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"