ஞானியின் ஆசனத்தில் ஆட்டுக்கல்

எந்த ஊர், எந்த வருஷம் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் பொன்னுரங்கம் என்றொரு விகடன் இருந்தான். ராஜாவின் தீர்ப்பை எதிர்த்துக் கேள்வி கேட்கும் உரிமை அந்த ராஜ்யத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு: சபையின் தத்துவ ஞானிக்கு. அவர் கேட்டால் ராஜாவே ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். கடைசி ஞானி செத்து எத்தனையோ காலமாயிற்று. ஆசனம் காலியாகவே கிடந்தது. ராஜாவுக்கும் அது வசதியாக இருந்தது, வேறென்ன!

ஒரு பஞ்சத்தில் இருளப்பன் என்பவன் அரண்மனைக் களஞ்சியத்தில் ஒரு மடி நெல் திருடிப் பிடிபட்டான். பொழுது சாய்வதற்குள் அவன் வலது கையை வெட்டும்படி உத்தரவாயிற்று. அவன் மனைவி மூக்காயி, உப்பு விற்கிறவள், காவலரைத் தள்ளிக்கொண்டு சபைக்குள் வந்து நின்றாள்.

"மகாராஜா, திருடச் சொன்னது பசி. கையை வெட்டிட்டா பசி எங்க போகும்?" என்றாள்.

ராஜா வாய் திறப்பதற்குள் தலைமைப் பண்டிதர் அகோரமூர்த்தி முந்திக்கொண்டார்.

"தீர்ப்பைக் கேள்வி கேட்க இவள் யார், தத்துவ ஞானியா? ஞானிக்குக் கோபம் கிடையாது, இவள் கொதிக்கிறாள். ஞானிக்குப் பசி கிடையாது. இவளோ அதையே பேசுகிறாள். ஞானி உலக விவகாரத்தில் தலையிடமாட்டார். இவள் புருஷனுக்காக வந்திருக்கிறாள். அப்படிப்பட்ட மகான்கள் அந்தக் காலத்தோடு போய்விட்டார்கள், பிரபு. இந்தக் காலத்தில் ஞானியாவது, ஒன்றாவது."

மற்றப் பண்டிதர்கள் ஆமாம் போட்டார்கள். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பார்த்துக்கொண்டிருந்த பொன்னுரங்கத்துக்கு எப்படி இருந்திருக்கும்? ஒருவனுக்குக் கை போகப்போகிறது. இவர்கள் உட்கார்ந்துகொண்டு ஞானிக்கு லட்சணம் பார்க்கிறார்கள்! அவன் எழுந்து நின்றான்.

"பிரபு, பண்டிதர் சொன்ன லட்சணம் அத்தனையும் பொருந்திய ஒருவர் நம் அரண்மனையிலேயே இருக்கிறார். அழைத்து வர அனுமதி வேண்டும்."

ராஜா இவனோடு சிரித்துப் பேசுவதில் அகோரமூர்த்திக்கு நெடுநாளாகப் புகைச்சல். "அழைத்து வராவிட்டால் இவன் கையையும் சேர்த்தே வெட்டிவிடலாம், பிரபு" என்றார். ராஜா சரியென்று தலையசைத்தார்.

உச்சி வெயில் தணிந்ததும் நாயனம் முழங்க ஒரு பல்லக்கு வந்தது. பட்டுத் திரை போட்டிருந்தது. தூக்கி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. எவ்வளவு கனத்த ஞானமோ என்று பண்டிதர்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார்கள். பொன்னுரங்கம் திரையை விலக்கினான். உள்ளே சந்தனப் பொட்டும் மாலையுமாக, அரண்மனைச் சமையற்கட்டின் ஆட்டுக்கல். நாலு பேராக அதைத் தூக்கி ஞானியின் ஆசனத்தில் வைத்தார்கள்.

"கல்லைக் கொண்டுவந்து ஞானி என்கிறாயா?" அகோரமூர்த்தி துடித்துப் போனார்.

"எதில் குறைந்துவிட்டார், சுவாமி? இவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அரண்மனை மாவெல்லாம் இவர் வயிற்றில்தான் அரைபடுகிறது. ஒரு கவளம் விழுங்கியதில்லை. எவன் கை போனாலும் இவருக்கு ஒன்றுமில்லை. தாங்களே கும்பிட்டும் விட்டீர்கள்."

"மூடனே, ஞானி என்றால் சிந்திக்க வேண்டும். எல்லாரும் சரியென்று தலையாட்டுகிற இடத்தில் ஏன் என்று கேட்க வேண்டும். இந்தக் கல் என்றைக்காவது ஒரு கேள்வி கேட்டதுண்டா?"

சொல்லி முடித்த பிறகுதான் பண்டிதருக்கு உறைத்தது.

"இல்லை" என்றான் பொன்னுரங்கம். இப்போது அவன் குரலில் விகடம் இல்லை. "இந்தக் கல் கேட்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது அந்த அம்மாள் ஒருத்திதான்."

ராஜா கல்லைப் பார்த்தார், பண்டிதரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருளப்பனின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுரங்கத்தின் கழுத்தில் போட்டார். கல்லை இறக்கிவிட்டு மூக்காயியை அந்த ஆசனத்தில் உட்கார வைத்தார். எல்லாம் சுபமாக முடிந்ததென்று சபை கலைய எழுந்தது.

மூக்காயி எழுந்திருக்கவில்லை.

"கை பொழைச்சுது, மகாராஜா. பசிக்கு என்ன தீர்ப்பு?" என்றாள்.

ராஜாவின் சிரிப்பு நின்றது. பொன்னுரங்கம் கழுத்து மாலையைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்தான். அன்று பொழுது சாய்வதற்குள் களஞ்சியத்தின் கதவை ஊருக்குத் திறந்துவிட்டார்கள்.