வளர்ந்த கதவு

பழைய டைல்ஸின் மேல் புது டைல்ஸ் ஒட்டினால் நிற்காது என்றொரு நம்பிக்கை ஊரெங்கும் உலவுகிறது. இது பெரும்பிழை, இனியும் பொறுத்துக்கொள்ளத் தக்கதல்ல. பசை பிடிக்கும். தரை தாங்கும். எந்த ஆகமமும் தடுத்ததாகத் தெரியவில்லை.

கதவைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை.

மாசிலாமணிக்கு அது தீட்சை நாளன்று காலையில் தெரியவந்தது.

அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். பேரன் எடுத்தவர். குருவான மடத்துச் சுவாமிகளுக்கோ அவருடைய மகன் வயது. மௌனத்தில் அமர்வதற்கு முன் சுவாமிகள் ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தார்.

"கூடத்துப் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஒரு வாரம் கழித்து வெளியே வருவேன். வந்ததும் உங்களுக்குத் தீட்சை."

பெயர்க்க நாள் போதாது. மாசிலாமணி மேலேயே ஒட்டச் சொல்லிவிட்டார். தரை கண்ணாடியாய் மின்னியது. அரை அங்குலம் உயர்ந்தும் இருந்தது.

சுவாமிகளின் அறைக் கதவு கூடத்துப் பக்கமாகத் திறப்பது.

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"மாசிலாமணி, கதவு வரமாட்டேன் என்கிறது."

"இதோ சுவாமி!"

இழுத்தார். கதவு புதுக் கல்லில் முட்டி நின்றது. நெற்றி வேர்த்தது.

"வெளியே தாழ் போட்டிருக்கிறீர்களா?"

"இல்லை சுவாமி. மழைக்கு மரம் உப்பியிருக்கும்."

"சித்திரையில் மழையா?"

பூத்தட்டுடன் நின்ற மனைவி சொர்ணவல்லி முணுமுணுத்தாள்: "முகூர்த்தம் போகிறது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கீலைக் கழற்றுங்கள். கதவின் அடியைச் சீவிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?"

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கிறேன். நீங்கள்தான் கதவோடு மல்லுக்கட்டுகிறீர்கள்."

சுவாமிகள் கேட்டார்: "பழையதைப் பெயர்த்துவிட்டுத்தானே போட்டீர்கள்?"

தீட்சைக்கான மாசிலாமணியின் இத்தனை வருஷக் காத்திருப்பு ஒரு சொல்லில் தொங்கியது.

"ஆமாம் சுவாமி."

"நல்லது. உடைக்கிற சத்தமே எனக்குக் கேட்கவில்லை. என் மௌனம் அவ்வளவு ஆழமாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை."

சொர்ணவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுவாமிகள் தொடர்ந்தார்: "அப்படியென்றால் தரை உயரவில்லை. கதவுதான் வளர்ந்திருக்கிறது."

மாசிலாமணி மறுபடியும் கதவை இழுத்துப் பார்த்தார்.

"வளரும் கதவை நான் பார்த்ததில்லை. இங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை."

உள்ளே பாய் விரிக்கும் சத்தம்.

வாசலில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஆசாரிக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று சொர்ணவல்லி கண்ணாலேயே கேட்டாள். மாசிலாமணி தலையசைக்கப் போனார். அசைக்கவில்லை.

"சுவாமி."

"சொல்லுங்கள்."

"கதவு வளரவில்லை."

"ஓ."

"பழைய தரை கீழேயே இருக்கிறது. பெயர்க்கவில்லை. பொய் சொன்னேன்."

உள்ளே பாய் சுருட்டும் சத்தம்.

"உளி இருக்கிறதா?"

"இருக்கிறது சுவாமி. கதவு திறக்கிற அளவுக்கு மட்டும் உடைக்கட்டுமா, கூடம் முழுக்கவா?"

பதில் வரவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் வரவில்லை.

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதலில் புதுக் கல் தெறித்தது. அதற்கடியில் பழைய கல். முகூர்த்தம் முடிந்து வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. சுவாமிகள் வெளியே வந்தார். மாசிலாமணி நிமிரவில்லை. அடுத்த கல்லில் உளியை வைத்தார்.

கூடத்தில் உளிச் சத்தம் ஓயாததால் மத்தியானம் கொல்லைப்புறத்தில் பந்தி நடந்தது. பாயசத்தில் மணல் கடிபட்டது.