நாமம் போட்ட யானையும் பட்டை கேட்ட வாசலும்

மருங்கூர்ப் பாளையத்துல திருமேனின்னு ஒரு ராசா. நல்ல மனுசந்தான், காதுதான் கொஞ்சம் லேசு. கடைசியா யாரு பேசுனாங்களோ அவுங்க சொன்னதுதான் ஞாயம். அது தெரிஞ்சே மந்திரி சிவக்கொழுந்து எப்பவும் கடைசியாத்தான் வாயத் தொறப்பாரு.

அந்த மந்திரி நெத்தியில திருநீறு பூசமாட்டாரு, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாப்புல அப்புவாரு. ஒருக்கா தும்முனாரு பாருங்க, எதுக்க உக்காந்திருந்த வைத்தியருக்கே வைத்தியம் பாக்கும்படி ஆயிருச்சு! அது கெடக்கட்டும்.

ஒருநா மந்திரி ராசா காதுல ஓதிட்டாரு. "ராசாவோட சாமிதான் ராச்சியத்துக்கே சாமி. பட்டை இல்லாத நெத்தி அரமணைக்குள்ள நொழையக்கூடாது."

ராசாவும் ஆணை போட்டுட்டாரு. மொத அடி யானைப்பாகன் மஸ்தான் ராவுத்தருக்கு. இருபது வருசம் ரங்கநாயகிங்கிற யானையோட யானையாக் கெடந்தவரு, பட்டை பூசாதவருன்னு வேலையும் போயி, மூணு நாளுல ஊரையே காலி பண்ணணுமாம்.

"வரேன் மச்சான். ரங்கநாயகிக்கு வேளைக்குத் தழை போடச் சொல்லு"ன்னு கண்ணத் தொடச்சாரு மஸ்தான்.

அவரோட மாமன் மச்சான்னு பழகுன அரமணை விகடகவி இடும்பன் கையப் புடிச்சு நிறுத்துனான். "எங்கயும் போகாத மாமா. சத்திரத்துல உக்காரு"ன்னுட்டு, நேரா ராசாகிட்ட ஓடுனான்.

"மகாராசா, வாசக்காவலுக்கு நானே நிக்கிறேன். பட்டை இல்லாம யாரு வந்தாலும் விடமாட்டேன்."

"யாரு வந்தாலும்!"னு மந்திரி சந்தோசத்துல குதிச்சாரு, ராசாவும் தலையாட்டிட்டாரு.

மறுநா விசயதசமி ஊர்வலம். ராசா ஏறணும், யானைய நாலு பேரு கெஞ்சிக் கூத்தாடி அரமணை வாசலுக்கு ஓட்டியாந்தாங்க. இடும்பன் வேலக் குறுக்க நீட்டுனான்.

"நில்லு! நெத்தியில நாமம்ல இருக்கு?"

இருக்காதா பின்ன? பெருமாள் கோயில்லேருந்து வந்த யானை. அந்த நாமத்தத் திருவிழாவுக்குத் திருவிழா கோணாம வரையிறதே மஸ்தான் ராவுத்தருதான்! பட்டருக்குக்கூட அப்படி வராதும்பாங்க.

"அழிச்சுட்டாப் போச்சு"ன்னு மந்திரி ஈரத்துணியோட வாசலத் தாண்டி வெளிய போனாரு. மஸ்தானத் தவிர எவனும் ரங்கநாயகி நெத்தியத் தொட்டதில்ல. அவ பக்கத்துத் தண்ணித்தொட்டியில தும்பிக்கைய விட்டா. ஒரே பீச்சு! மந்திரி மூஞ்சி பளிச்சுன்னு ஆயிருச்சு. அப்பத்தான் ஊருக்கே தெரிஞ்சுது, மந்திரிக்கு நெத்தின்னு ஒண்ணு இருக்குன்னு.

"வழி விடுறா, உள்ள போயிப் பூசிட்டு வரேன்!"

"உள்ள போவணும்னா பூசியிருக்கணுமே சாமி."

"பூசுறதுக்குத்தாண்டா உள்ள போறேன்!"

"போறதுக்குத்தான் பூசணும்."

கூச்சல் கேட்டு ராசா வெளிய வந்தாரு. மந்திரி நின்ன கோலத்தப் பாத்து வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. ரங்கநாயகிக்கு என்ன தோணுச்சோ, ரெண்டாவது பீச்சு அவருக்கு! அவரு நெத்திப் பட்டையும் போச்சு. நனைஞ்ச கோழியாட்டம் வாசலுக்குத் திரும்புனா, அங்கயும் வேலு குறுக்க நிக்குது.

"டேய் இடும்பா! என்னயத் தெரியலயா ஒனக்கு?"

"தெரியாம என்ன மகாராசா? மஸ்தான் ராவுத்தரையுந்தான் இருபது வருசமா எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச ஆளுன்னா உள்ள விடலாம்னு ஆணையில இல்லியே!"

ராசா சொட்டச் சொட்ட யானையப் பாத்தாரு, மந்திரியப் பாத்தாரு, தன்னோட வாசலையே பாத்தாரு. பொறகு சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு, தோரணத்து மாவிலை உதுந்துச்சாம்.

"ஆணையக் கிழிங்கடா! மஸ்தான் ராவுத்தரக் கூட்டியாங்க. அவரு வந்தாத்தான் ஊர்வலம்!"

அப்பிடியே தோள்ல கெடந்த பட்டுச் சால்வைய இடும்பன் கழுத்துல போட்டு, "இந்தா, புழிஞ்சு கட்டிக்க"ன்னாரு.